மலை உச்சியின் காது

(நம் முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில், மின்னணுத் துறையின் 1979–83 அணியைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. – மலர்க் குழு)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க, ஆனா யாரும் எழுந்து போகக் கூடாது" என்றார். முப்பது வருஷம் ஆபீஸில் செய்த வேலையைப் பற்றிப் பேசினால் நானே எழுந்து போய்விடுவேன். ஆகவே சம்பளம் வாங்காமல் செய்த வேலையைப் பற்றிப் பேசுகிறேன். அமெச்சூர் வானொலி. அதிலும் ரிப்பீட்டர். அதிலும் ரிப்பீட்டருக்கு ஓட்டுப் போடும் ரிசீவர்கள். தேர்தல் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், நல்லது. இந்தத் தேர்தலில் காசு கொடுக்க முடியாது. கள்ள ஓட்டு மட்டும் உண்டு. அந்தக் கள்ள ஓட்டைப் போட வைத்தவன் நான்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நம் விடுதியில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்த பி.எஃப். 194 டிரான்சிஸ்டரும், சோப்பு டப்பாவுக்குள் ஒரு மீடியம் வேவ் ரேடியோவும். எங்கள் அறையில் அது பாடியதைவிட ஊளையிட்டதே அதிகம். படிப்பு முடிந்து, 1986-இல் கலிஃபோர்னியா போனேன். ரேடியோ ஆசை அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

1989 அக்டோபர் 17, மாலை 5 மணி 4 நிமிடம். லோமா பிரியேட்டா நிலநடுக்கம். ரிக்டர் கணக்கில் ஏழைத் தொட்ட ஆட்டம். கரண்ட் போயிற்று, போனை எடுத்தால் டயல் டோன் வரவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் காரின் பேட்டரியில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கொண்டு, எந்த ரோடு மூடியிருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். சுற்றி இருபது பேர் நின்று கேட்டோம். அவர் ஒரு ஹாம். 1991-இல் மோர்ஸ் தேர்வு இல்லாத டெக்னீஷியன் லைசென்ஸை அமெரிக்காவில் கொண்டுவந்தார்கள். அந்த வாசல் வழியாக நுழைந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன்.

இப்போது ரிப்பீட்டர் என்றால் என்ன? துறை மாணவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்கல்காரர்களும் வந்திருக்கிறார்கள். கையில் பிடிக்கும் செட் 5 வாட். இரண்டு மீட்டர் அலைவரிசை நேர்க்கோட்டில் போகும் ஜாதி. நடுவில் மலை வந்தால் முடிந்தது. ஆகவே மலை உச்சியில் ஒரு பெட்டி வைக்கிறோம். அது ஒரு அலைவரிசையில் கேட்கும், கேட்ட அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும். ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் கத்தவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். தன் கத்தலில் தன் காதே செவிடாகாமல் இருக்க, பால் கேன் மாதிரி பெரிய பெரிய கேவிட்டி ஃபில்டர்களை வரிசையாக வைத்திருப்பார்கள். டூப்ளெக்ஸர் என்று பெயர்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மலை மேல் இருப்பது 100 வாட். என் கையில் இருப்பது 5 வாட். இருபது மடங்கு, அதாவது 13 டெசிபெல் வித்தியாசம். என் ரப்பர் குச்சி ஆன்டெனா மோசம் என்று எல்லோரும் அதைத் திட்டுவார்கள். அது மோசம்தான், ஆனால் போகும்போது எவ்வளவு மோசமோ வரும்போதும் அவ்வளவே மோசம். இரு திசைக்கும் பொதுவான குறை அது. பவர் வித்தியாசம் ஒரு திசைக்கு மட்டும். போதாக்குறைக்கு, மலை உச்சி என்றால் அங்கே நாம் மட்டுமா இருப்போம்? பேஜர், போலீஸ், டாக்ஸி, டி.வி. என்று ஊரில் உள்ள டிரான்ஸ்மிட்டர் எல்லாம் அங்கேதான். அந்தச் சந்தைக்கடை இரைச்சலில் ஒரு முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். ஆகவே பள்ளத்தாக்கில் நிற்கிறவனுக்கு ரிப்பீட்டர் அருமையாகக் கேட்கும். அவன் பேசுவது ரிப்பீட்டருக்குக் கேட்காது. இப்படிப்பட்ட ரிப்பீட்டரை அமெரிக்க ஹாம்கள் முதலை என்பார்கள். வாய் பெரிசு, காது இல்லை.

ரிப்பீட்டரின் பவரைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்பவர்கள் ஒவ்வொரு கிளப்பிலும் ஒருவராவது இருப்பார். வாய் இன்னும் பெரிசாகும், அவ்வளவுதான். காதுகளைக் கூட்டுவதுதான் வழி. மலை மேல் ஒரு காது, கடற்கரைப் பக்கம் ஒரு காது, தெற்கே ஒரு குன்றின் சரிவில் ஒரு காது. இவை வெறும் ரிசீவர்கள். கொஞ்சம் கரண்ட், ஒரு ஆன்டெனா, ஒரு வீட்டுக் கூரை போதும். ஒவ்வொன்றும் தான் கேட்டதை ஒரு சின்ன யு.எச்.எஃப். லிங்க் வழியாக மலைக்கு அனுப்பும். அங்கே எல்லாம் ஒரு பெட்டியில் வந்து சேரும். அந்தப் பெட்டிதான் வோட்டர். எந்தக் காதில் பேச்சு தெளிவாக விழுகிறதோ அதை மட்டும் ரிப்பீட்டருக்குக் கொடுக்கும். அடுத்த கணம் இன்னொரு காது தெளிவென்றால் அதற்கு மாறிவிடும்.

பெரும்பான்மை ஓட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் இரைச்சலாகக் கேட்டால் இரைச்சல் ஜெயிக்காது. தெளிவாகக் கேட்கிற ஒருவன் ஜெயிப்பான். நம் நாட்டுத் தேர்தலை விட இது மேல்.

தெளிவு என்பதை ஒரு பெட்டி எப்படி அளக்கும்? சிக்னலின் பலத்தை அளந்தால் போதாதா என்றுதான் முதலில் தோன்றும். போதாது. பக்கத்தில் பேஜர் டிரான்ஸ்மிட்டர் கத்திக்கொண்டிருந்தால் மீட்டர் முள் கடைசி வரை போகும், காதில் குப்பைதான் விழும். தவிர, ரிசீவரில் நன்றாக விழுந்தது லிங்க்கில் கெட்டுப்போய் மலைக்கு வந்து சேரலாம். ஆகவே பலத்தை விட்டுவிட்டு, வந்து சேர்ந்த ஒலியில் உள்ள இரைச்சலை அளக்கிறோம். எஃப்.எம். ரிசீவரில் சிக்னல் இல்லாதபோது 'இஸ்ஸ்ஸ்' என்று மழை பெய்கிற சத்தம் வரும் அல்லவா? சிக்னல் வர வர அந்த மழை அடங்கும். மனிதக் குரலின் பலமெல்லாம் கீழே இருக்கிறது. 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலும் அதற்கு மேலும் இருப்பது பெரும்பாலும் இந்த மழைதான். அந்தப் பகுதியை வடிகட்டி அளந்தால் தெளிவு தெரிந்துவிடும். யாருக்கு மழை குறைவோ அவர் ஜெயித்தார்.

இது மிகவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இதில் ஒரே ஒரு ஓட்டை. மழை இல்லாதவன் ஜெயிப்பான் என்றால், ஊமையும் ஜெயிப்பான். டெலிபோன் கம்பி வழியாக ரிசீவர்களை இணைத்த நாட்களில் கம்பி அறுந்துபோனால் அதில் சத்தமே இருக்காது. வோட்டர் அதைப் பார்த்து, ஆஹா, இவ்வளவு சுத்தமான ரிசீவரா என்று அதையே தேர்ந்தெடுத்துவிடும். அப்புறம் ஊரே மௌனம். இதற்காகத்தான் பெரிய கம்பெனிகள் ஒரு தொனியை வைத்தன. ஜெனரல் எலெக்ட்ரிக் 1950 ஹெர்ட்ஸ், மோட்டரோலா 2175 ஹெர்ட்ஸ். ரிசீவர் சும்மா இருக்கும்போது அந்தத் தொனியை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது பேச வந்தால் தொனி நிற்கும். நெடுநேரம் தொனியே வரவில்லை என்றால் லைன் கெட்டுவிட்டது என்று அந்த ரிசீவரை ஒதுக்கிவிடலாம். இரவு ரோந்து வருகிற கூர்க்கா விசில் மாதிரி. விசில் கேட்கும் வரை தூங்கலாம்.

எங்கள் கிளப்பில் இதையெல்லாம் கட்டி எழுப்பியவர் ஒரு பெரியவர். டெலிபோன் கம்பெனியில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மூன்றாவது ரிசீவரை, அந்தத் தெற்குக் குன்றில் இருப்பதை, நீ போட்டுவிடு என்று என்னிடம் விட்டார். 1997 வசந்த காலம். எனக்கு ஒரே பெருமை. ஒரு பழைய ரிசீவரைப் பிரித்து, ட்யூன் செய்து, ஒலியை எடுத்து லிங்க்கில் கொடுத்தேன். 1000 ஹெர்ட்ஸ் தொனியை 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் அனுப்பி, மூன்று ரிசீவரும் வோட்டரில் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்தேன். துல்லியமாக ஒரே அளவு. புத்தகத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

அப்புறம் இரண்டொருவர் சொன்னார்கள்: தெற்கு ரிசீவர் வழியாக வந்தால் குரல் கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று. பழைய ரிசீவர், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கோடையில் ஒரு சைக்கிள் பயணம். தர்ம காரியத்துக்காக, சில நூறு பேர், மலைச் சாலைகளில் ஒரு நாள் முழுக்க. செல்போன் அந்தப் பள்ளத்தாக்குகளில் அப்போது எடுக்காது. ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஹாம். கட்டுப்பாட்டு மேசையில் மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தது நான். மத்தியானம் ஒரு மணி இருக்கும். கடற்கரைச் சரிவில், செம்மரங்கள் அடர்ந்த ஒரு கணவாயில் நின்றிருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். ரிப்பீட்டர் திறந்தது. மழைச் சத்தம். நடுவில் ஒரு குரல் போல ஏதோ. "மறுபடி சொல்லுங்கள்" என்றேன். மழை. மறுபடி சொல்லுங்கள். மழை. நான்கு தடவை. அவர் குரலில் பதற்றம் ஏறுவது தெரிகிறது, ஒரு வார்த்தை புரியவில்லை. அதை விடக் கொடுமை இல்லை ஐயா. ஒன்றுமே கேட்காவிட்டால் பேசாமல் இருந்திருப்போம்.

பதினோராவது நிமிடம் மேசையில் இருந்த போன் அடித்தது. கால் முறிந்து வீட்டில் படுத்திருந்த எங்கள் உறுப்பினர் ஒருவர். வேலை இல்லாமல் பொழுது போக்குக்காக, ரிப்பீட்டரைக் கேட்காமல் கடற்கரை ரிசீவரின் லிங்க் அலைவரிசையை நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். "என்னப்பா, அந்தம்மா அவ்வளவு தெளிவாகச் சொல்கிறார், நீ ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறாய்?" என்றார். ஒருவர் விழுந்து தலையில் அடி, நினைவில்லை, ஆம்புலன்ஸ் வேண்டும், சாலையில் எத்தனையாவது மைல் என்பது உட்பட அத்தனையும் அவர் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். ஆம்புலன்ஸ் போயிற்று. அடிபட்டவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குப் போனார். அந்தப் பதினோரு நிமிடத்தால் அவருக்கு என்ன ஆயிற்று, என்ன ஆகவில்லை என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

மறுநாள் பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். திட்டவில்லை. சிக்னல் ஜெனரேட்டரை எடுத்தார். 1000 ஹெர்ட்ஸ் வைத்தார், மூன்றும் சமம். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். 300 வைத்தார், தெற்கு ரிசீவர் எகிறியது. 3000 வைத்தார், தெற்கு ரிசீவர் கிட்டத்தட்ட 10 டெசிபெல் கீழே போயிற்று. மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். மற்ற இரண்டு ரிசீவர்களிலும் ஒலியை டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேராக, எதுவும் செய்யாமல் எடுத்திருந்தார்கள். நான் ஸ்பீக்கருக்குப் போகிற பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குள் அது டீ-எம்ஃபசிஸ் சர்க்யூட்டைத் தாண்டி வந்துவிட்டது. அந்த சர்க்யூட்டின் வேலையே ஆக்டேவுக்கு 6 டெசிபெல் வீதம் மேல் ஸ்தாயியைக் குறைப்பது. ஆயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குப் போனால் ஒன்பதரை டெசிபெல். குரலின் கூர்மை குறைந்தது, அதுதான் கம்பளிக் குரல். கூடவே மழையும் குறைந்தது. வோட்டரின் கண்ணுக்குத் தெற்கு ரிசீவர் எப்போதும் பத்து டெசிபெல் சுத்தமானவன். அந்தக் கணவாயைக் கடற்கரை ரிசீவர் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது, தெற்கு ரிசீவர் அரைகுறையாகக் கேட்டது. அரைகுறை ஜெயித்தது. நான் சொன்ன கள்ள ஓட்டு இதுதான்.

ஒரு கம்பியைக் கழற்றி வேறு இடத்தில் பற்ற வைத்தோம். ஒரு கெபாசிட்டர். கால் மணி நேரம் ஆகவில்லை.

அதன் பிறகு பெரியவர் வைத்த விதிகள் சிலவற்றைச் சொல்கிறேன். இன்றைக்கும் நான் விடாமல் செய்கிறேன். ஒரே தொனியில் அளக்காதே, 300 முதல் 3000 வரை போய்ப் பார். எல்லா ரிசீவரும் ஒரே வளைவில் இருக்க வேண்டும். அடுத்து, பலமான சிக்னலில் சமமாக இருப்பது பெரிய விஷயமில்லை. சிக்னலைக் குறைத்துக்கொண்டே வந்து, பேச்சு கஷ்டப்பட்டுப் புரிகிற 12 டெசிபெல் சினாட் நிலையில் மூன்றும் வோட்டரில் ஒரே மாதிரி மதிப்பெண் வாங்குகிறதா பார். அங்கேதான் தேர்தலே நடக்கிறது. சி.டி.சி.எஸ்.எஸ். தொனியை ஒவ்வொரு ரிசீவரிலேயே சோதித்துவிடு, மலைக்கு வந்த பிறகு சோதிக்காதே. கடைசியாக, யாராவது குரல் சரியில்லை என்று சொன்னால் அன்றைக்கே போய்ப் பார். இதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு காரில் ஊர் சுற்றிச் சோதித்தோம். மலையில் பெரியவர் வோட்டரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், எந்த இடத்தில் எந்த விளக்கு எரிகிறது என்று மேப்பில் குறிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கை நீட்ட, என் மனைவி ஓயாமல் பேசிக்கொண்டே வரவேண்டும். என்ன பேசுவது? அவள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தமிழில் சொன்னாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நான் ஆங்கிலத்தில் என் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும், அது சட்டம். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. அந்த வட்டாரத்து ஹாம்கள் இது ஏதோ இந்திய மந்திரம் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

காரில் போகும்போது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு மீட்டர் அலையில், கட்டடங்களிலும் மலைகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் மோதி, ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒரு பள்ளம் விழும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் நொடிக்குப் பதினேழு பள்ளம். குரல் படபடவென்று துடிக்கும். ஒரு காதில் பள்ளம் விழும் கணத்தில் இன்னொரு காதில் மேடாக இருக்கும். வேகமாக மாறுகிற வோட்டர் இருந்தால் அந்தத் துடிப்பே பாதிக்கு மேல் காணாமல் போகும். ஆனால் ரொம்பவும் சபல புத்தி உள்ள வோட்டர் கூடாது. கால் டெசிபெல் வித்தியாசத்துக்கெல்லாம் கட்சி மாறினால், மாறுகிற சத்தமே தொல்லையாகிவிடும்.

இப்போதெல்லாம் லிங்க் இன்டர்நெட் வழியாகப் போகிறது. ரேடியோ லிங்க்கில் பத்து கிலோமீட்டருக்கு 33 மைக்ரோசெகண்டுதான் தாமதம், கவலையில்லை. இன்டர்நெட்டில் ஒவ்வொரு ரிசீவரின் பொட்டலமும் ஒவ்வொரு நேரத்தில் வரும். அப்படியே மாற்றி மாற்றி எடுத்தால் ஒரு எழுத்து விழுங்கப்படும், அல்லது இரண்டு தடவை கேட்கும். இதற்கு ஜி.பி.எஸ். கடிகாரத்தைப் பிடித்தார்கள். ஒவ்வொரு ரிசீவரிலும் நொடிக்கு ஒரு துடிப்பு தருகிற ஜி.பி.எஸ்.; ஒலிப் பொட்டலத்தின் மேல் நேர முத்திரை. நடுவில் உள்ள கம்ப்யூட்டர் முத்திரையைப் பார்த்து வரிசைப்படுத்தி, பிறகு தேர்வு செய்கிறது. ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச டெலிபோன் மென்பொருளின் மேல், ஜிம் டிக்சன் என்ற ஹாம் ரிப்பீட்டருக்கான பகுதியை எழுதினார். இந்த வோட்டர் வேலையும் அதில் நடக்கிறது. பெரியவர் இதைப் பார்க்காமலே போய்விட்டார். பார்த்திருந்தால், 300-இல் என்ன காட்டுகிறது, 3000-இல் என்ன காட்டுகிறது என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

தம்பிகள் ஒருவர் காலையில் டீ குடிக்கும்போது கேட்டார்: "சார், இதையெல்லாம் நாங்க இங்க செய்ய முடியுமா?" மலையும் ரிப்பீட்டரும் பிறகு ஆகட்டும்; அதற்கு லைசென்ஸ், அனுமதி என்று முறையாகப் போக வேண்டும். வோட்டரை மட்டும் இந்த செமஸ்டரிலேயே செய்யலாம். இரண்டு எஃப்.எம். ரிசீவர். இரண்டிலும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து ஒலி. இடத்தைக் கவனியுங்கள், நான் கெட்ட இடம். ஒரு ஹைபாஸ் ஃபில்டர், ஒரு டயோடு, ஒரு கெபாசிட்டர். அதோடு இரைச்சல் ஒரு டி.சி. வோல்டேஜாகிவிடும். இரண்டு வோல்டேஜையும் ஒரு எல்.எம். 393-இல் ஒப்பிடுங்கள். அதன் முடிவை ஒரு 4066 அனலாக் ஸ்விட்ச்சுக்குக் கொடுங்கள். அவ்வளவுதான் வோட்டர். நூறு ரூபாய்க்கு எத்தனை பார்ட்ஸ் வரும் என்று இப்போதைய விலை எனக்குத் தெரியாது, ஆனால் நாங்கள் சோப்பு டப்பா வாங்கிய காசைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும்.

ரிசீவருக்கு எங்கே போவது என்றார். அந்தத் தெற்குக் குன்று ரிசீவரையும் அதன் ஜோடியையும் கிளப்பில் கழித்துப் போட்டபோது நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இரண்டும் மேடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில் நான் பற்ற வைத்த பழைய கம்பியின் தடம் இன்னும் தெரியும். துறைத் தலைவர் அவர்கள் லேப் சாவியைக் கொடுத்தால், சாப்பாட்டுக்குப் பிறகு மூடியைத் திறந்து காட்டுகிறேன். சால்டரிங் அயர்ன் யாராவது கொண்டு வாருங்கள்.